பதினோரு முறை உள்ளே நுழைந்து ஒரு முறையும் வெளியே வராத மாமா எழுதுவது

மாண்புமிகு வக்கீலும், என் அக்காவின் ஒரே மகளும், சின்ன வயதில் என் தோளில் ஏறி உட்கார்ந்து முடியைக் கடிவாளமாகப் பிடித்து ஓட்டியதால் இன்றைய என் வழுக்கைக்கு முழுப் பொறுப்பாளியுமான பாப்பாவுக்கு, உன் தாய்மாமன் நெஞ்சு நிறைந்த நன்றியோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தையும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீயும் உன் அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன், ஏனென்றால் அக்காவுக்கு ஒரு தும்மல் வந்திருந்தால்கூட இந்நேரம் எனக்கு நாலு போன் வந்திருக்கும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீதான் போனில் எதைப் பேசினாலும் எழுதினாலும் யாராவது எங்காவது சேர்த்து வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னாய். அதனால் காகிதம். உறையை நாலு பக்கமும் கஞ்சிப் பசை போட்டு ஒட்டப் போகிறேன், பிரிக்கும்போது கத்தரி வைத்துக்கொள், பல்லால் கடிக்காதே. உன் மாமா எட்டாம் வகுப்பு முழுசாகவும் ஒன்பதாம் வகுப்பு பாதியாகவும் படித்தவன் என்பதும், மீதிப் பாதியைப் படித்திருந்தால் இன்று நீ உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன் என்பதும் உனக்குத் தெரியும். ஆகவே எழுத்துப் பிழை ஏதாவது கண்ணில் பட்டால் அது அந்தப் பாதியின் பிழை, என் பிழை அல்ல.

முதலில் ஒரு பழைய பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, நீ உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். ஜனங்களைக் கண்காணிக்கிற கேமரா, முகத்தைத் திருடி வைத்துக்கொள்கிற கம்பெனி, ஆளுக்கு ஆள் ஓரவஞ்சனை செய்கிற மெஷின், இவற்றை எதிர்த்து வழக்காடுவதாகச் சொன்னாய். நான் கையில் தம்ளரை வைத்துக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்தேன். "தப்பு செய்யாதவனுக்கு எதுக்கும்மா பயம்? என்னை எந்த கேமரா வேணாலும் பார்க்கட்டும். பார்க்கற மாதிரிதானே இருக்கேன்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே, "அப்படின்னா உங்க போனைக் குடுங்க மாமா, வந்த மெசேஜ் எல்லாத்தையும் சத்தமா படிக்கிறேன்" என்று கையை நீட்டினாய். நான் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து உள்பைக்கு மாற்றினேன். உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு உள்ள வைக்கிறீங்க?" என்றாள். சார்ஜ் குறைவாக இருந்தது என்று சொன்னேன். அது பொய். அதில் ஒன்றும் விபரீதமில்லை, முடி வளர்கிற தைலம் பற்றி ஒரு டாக்டரோடு எழுத்தில் பேசிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இதை நீ இப்போது யாரிடமும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு நீ கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன்: தப்பு செய்யாதவனுக்கும் உள்பை வேண்டும்தான்.

இனி நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ வக்கீலாக இருந்து பார்த்தாய், நான் உள்ளே இருந்து பார்த்தேன். எங்கள் லாண்டரி சாதாரண இடம் இல்லை. நாலு ஆஸ்பத்திரி, ஆறு ஹோட்டல், அத்தனை படுக்கை விரிப்பும் எங்கள் கையால்தான் வெளுக்கிறது. அதில் நான் தள்ளுவண்டிப் பிரிவின் தலைவர். எனக்குக் கீழே ஒரு தள்ளுவண்டி வேலை செய்கிறது. நான் ஒரு நாள் படுத்துவிட்டால் ஊரில் பாதி நோயாளிகள் வெறும் மெத்தையில் கிடப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வாசலில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு தடிப் புத்தகம், அதன் பின்னால் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட டைம்கீப்பர் அண்ணன், இவ்வளவுதான் வருகைப் பதிவு. வந்தாயா, கையெழுத்துப் போடு, உள்ளே போ. மனுஷன் நம் செருப்புச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார்.

அவரை எழுப்பிக் கிடங்கில் சோப்பு டின் எண்ண அனுப்பிவிட்டு, அதே இடத்தில் முகம் பார்க்கிற மெஷினைக் கொண்டு வந்து வைத்தார்கள். மெஷின் கம்பெனியிலிருந்து டை கட்டின தம்பி ஒருத்தர் வந்து எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துப் படம் பிடித்தார். எதற்கு, எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேன், "தம்பி, இடது பக்கம் திரும்பி நிக்கட்டுமா, அதுதான் எனக்கு எடுப்பா இருக்கும்" என்று. போட்டோ என்றால் நான் பவுடர் போடாமல் நிற்க மாட்டேன், அது என் கல்யாணத்திலிருந்து வருகிற பழக்கம். அன்றைக்கும் டின்னைக் கையோடு கொண்டு போய்த் தாராளமாகப் பூசிக்கொண்டு நின்றேன். பாப்பா, என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு அழகாக விழுந்த படம் வேறு கிடையாது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் படம்தான் வேர்.

மறுநாள் காலை நான் வழக்கம்போல முகம் கழுவிப் பவுடர் போட்டு வாசலில் போய் நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. "வணக்கம், உங்கள் வருகை பதிவானது" என்று ஒரு பெண் குரல் தேனாய்ச் சொன்னது. மேனேஜர் வந்தார், அவர் பால் நிறம், வாசலுக்கு இருபது அடி முன்னாலேயே "வணக்கம்" என்றது. அடுத்து இஸ்திரி அக்கா வந்து நின்றாள். பதினேழு வருஷமாக நீராவி இஸ்திரிப் பெட்டியோடு போராடுகிறவள், நிறம் நம் வீட்டு நிறம்தான், அதாவது மேனேஜரின் நிறத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். "முகம் தெரியவில்லை. மீண்டும் முயற்சி செய்யவும்" என்றது குரல். மீண்டும் நின்றாள். தெரியவில்லை என்றது. கண்ணாடி மாட்டினாள், கழற்றினாள், கழுத்தை நீட்டினாள், கடைசியில் சிரித்துக்கூடப் பார்த்தாள். தெரியவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறந்ததிலிருந்து எனக்கு இதே மூஞ்சிதாண்டி! உனக்காக வேற ஒண்ணு மாட்டிக்கிட்டா வர முடியும்?" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினாள். வாட்ச்மேன், "உள்ள போக்கா, வேலை கெடக்கு, ஆபீஸ்ல சொல்லிக்கலாம்" என்று விட்டார். ஆபீஸில் போய்ச் சொன்னால், "மெஷின்ல இல்லைன்னா இல்லைதான்" என்றார்கள். எதிரே நின்று பேசுகிறவளிடம் நீ இல்லை என்று சொல்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

இப்படிப் பத்தொன்பது நாள். ஈர விரிப்பை உருளையில் விட்டுப் பிழிகிறவர்கள், மடிக்கிற பெண்கள் என்று இன்னும் ஒன்பது பேருக்கும் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. இஸ்திரி அக்காவுக்கு மட்டும் ஒரு நாளும் தெரியவில்லை. ஒரு மாதத்தில் இருபது நாள் வராத ஆளை வேலையை விட்டு நிறுத்தலாம் என்று எங்கள் லாண்டரியில் ஒரு விதி உண்டு. இன்னும் ஒரே நாள். அக்கா சாப்பாட்டு நேரத்தில் தூக்கு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. உன் மாமா யார்? மூளையைக் கசக்கினேன். மெஷின் என்னை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. என்னிடம் இருப்பது என்ன, அவர்களிடம் இல்லாதது என்ன? பவுடர்! விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் தேடுவதை நான் ஒரு டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டின்னோடு வாசலில் நின்று வரிசையில் எல்லோருக்கும் பூசிவிட்டேன். மாவில் புரட்டி எடுத்த மாதிரி ஒவ்வொருத்தராகப் போனார்கள், ஒவ்வொருத்தருக்கும் பச்சை விளக்கு. இஸ்திரி அக்கா மட்டும் ஒதுங்கி நின்றாள். "என் மூஞ்சிக்கு நான் எதுக்குய்யா வெள்ளையடிக்கணும்? அதுவென்ன சுவரா?" என்றாள். நான் விடவில்லை. "வேலை முக்கியமா மூஞ்சி முக்கியமாக்கா? ஒரே ஒரு பூச்சு. கழுவினா போயிடும்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். நான் பூசினேன். மெஷின் "வணக்கம்" என்றது. யாருக்கு வணக்கம் சொன்னது என்று எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் பெயர் ஆபீஸ் திரையில்தான் விழும். அன்றைக்கு என்னை எல்லோரும் புகழ்ந்தார்கள். அக்கா மட்டும் குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

பவுடர் பூச ஆரம்பித்த மூன்றாம் நாள் சாயங்காலம் விஷயம் வெடித்தது. அன்றைக்குத்தான் புது உத்தரவு, உள்ளே ஆள் கணக்கு பூஜ்யமானால்தான் வெளிக்கதவு பூட்டும். எல்லோரும் வெளியே வந்தாயிற்று, கதவு பூட்டவில்லை. உள்ளே பன்னிரண்டு பேர் என்றது மெஷின். வாட்ச்மேன் பதறிப்போய், "மாமா, உள்ள யாரோ ஒளிஞ்சிருக்காங்க" என்று என் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். நான் முன்னால் போனேன், வாட்ச்மேன் பின்னால் வந்தார். இரண்டு பேர் படுக்கலாம் என்கிற அளவுள்ள சலவை மெஷின்களுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அழுக்கு மூட்டைகளைக் கம்பால் குத்தினேன். "டேய், யாரா இருந்தாலும் மரியாதையா வெளிய வந்துடுங்கடா, நான் ரொம்பக் கெட்டவன்!" என்று கட்டிடம் அதிரக் கத்தினேன். யாரும் வரவில்லை. அப்புறம்தான் வாட்ச்மேன் ஆபீஸ் திரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மெல்லிய குரலில் சொன்னார்: "மாமா... பதினோரு பேரும் நீங்கதான்."

என் படம் பவுடரோடு பதிவானதால், பவுடர் போட்ட முகம் எல்லாம் அந்த மெஷினுக்கு நான்தான். காலையில் பதினோரு மாமா உள்ளே போயிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் நீராவியிலும் வியர்வையிலும் பவுடர் கரைந்துவிட, ஒரு மாமாவும் வெளியே வரவில்லை. என்னைத் தேடி நானே கம்போடு அலைந்திருக்கிறேன். "சரி, பன்னிரண்டாவது ஆள் யாரு?" என்று கேட்டேன். "மேனேஜர்" என்றார் வாட்ச்மேன். மேனேஜர் எட்டு நாள் விடுமுறையில் மலையடிவாரத்துக்குப் போயிருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் திரையில் எட்டு நாளும் தவறாமல் வந்திருக்கிறார், அதுவும் குறித்த நேரத்தில். எப்படி என்று எல்லோரும் விழித்தோம். வாசலுக்கு எதிர்ச்சுவரில், சிறந்த நிர்வாகி என்று கேடயம் வாங்கினபோது எடுத்த அவருடைய பெரிய படம் மாட்டியிருக்கிறது. மெஷின் தினமும் விழித்ததும் அதைப் பார்த்து "வணக்கம்" சொல்லியிருக்கிறது! இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், சுவரைப் பார்த்து விரலை நீட்டியது இஸ்திரி அக்கா. "சுவத்துல தொங்கற ஆளு வேலைக்கு வந்திருக்காரு. கையில சூடு பட்டு நிக்கறேன், நான் வரலை" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் திரும்பி வந்ததும் எல்லோருக்கும் கடிதம். ஒன்பது பேருக்கு எச்சரிக்கை. எனக்கு ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லி. இஸ்திரி அக்காவுக்கு வேலை நீக்கம், காரணம் என்று போட்டிருந்தது: "பிறர் முகத்துடன் பணிக்கு வந்தமை." பாப்பா, அந்த வரியை நான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், அவளுக்குக் கண்ணாடி கையில் இல்லாததால். படித்து முடித்ததும், "பிறர்னா யாருய்யா?" என்று கேட்டாள். "நான்தாங்க்கா" என்றேன்.

அன்றைக்குத்தான் உன் படி ஏறினேன். ஒரு சிநேகிதனுக்கு ஒரு பிரச்சினை என்று ஆரம்பித்தேன். நீ தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, "சிநேகிதன் முழுசா சொல்லட்டும் மாமா" என்றாய். முழுசாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இப்போது கேட்பாய், இப்போது கேட்பாய் என்று காத்திருந்தேன், 'அன்னைக்குக் கூடத்துல என்ன சொன்னீங்க மாமா?' என்று. நீ கேட்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, "அந்தப் பத்தொன்பது நாளும் அவங்க அங்க இருந்தாங்கன்னு யாருக்கு மாமா தெரியும்?" என்று மட்டும்தான் கேட்டாய். இந்தக் கடிதம் முழுக்க நான் நன்றி சொல்ல வந்ததே முதலில் அதற்காகத்தான். வழக்கில் ஜெயித்துக் கொடுக்க வேறு வக்கீல் கிடைக்கலாம். சொல்லிக்காட்டாத வக்கீல் எங்கே கிடைப்பார்?

நீ மூன்று சாயங்காலம் இஸ்திரி அக்கா வீட்டில் உட்கார்ந்து, எந்த நாள் என்ன இஸ்திரி போட்டாள் என்று கேட்டு எழுதினாய். அவளுக்குத் தேதி ஞாபகமில்லை. ஆனால் குழந்தைகள் வார்டுக்குப் போகிற வாத்துப் படம் போட்ட விரிப்பு என்றைக்கு, ஓரம் கிழிந்த திரைச்சீலை என்றைக்கு என்று ஞாபகமிருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகிற துணிக் கட்டுகளைப் பற்றிக் கேட்டாய். அங்கேதான் சாட்சி சிக்கியது. எங்கள் லாண்டரியில் இஸ்திரி போட்டவர்தான் கட்டுக் கட்ட வேண்டும். அக்கா இடக்கைக்காரி, அவள் போடும் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்த்திசையில் விழும், வலக்கைக்காரர் அவிழ்க்கவே முடியாது. நீ நேரே பெரிய ஆஸ்பத்திரியின் துணிக் கிடங்கு அதிகாரியைப் போய்ப் பார்த்து, எழுத்தில் வாங்கி வந்தாய். அவர் எழுதியதை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன்: "மேற்படி பத்தொன்பது நாளும் அந்தப் பாழாய்ப்போன முடிச்சுடன் கட்டுகள் வந்தன. பத்தொன்பது நாளும் நான் கத்தரிக்கோலால் வெட்டித்தான் பிரித்தேன். இந்த அம்மாள் வேலைக்கு வராத நாள் எனக்கு நிம்மதியான நாள். அப்படி ஒரு நாள் வரவில்லை." ஒருத்தர் திட்டி எழுதியதைப் படித்து அக்கா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விசாரணை தொழிலாளர் அலுவலகத்தில். அதிகாரி அம்மாவுக்கு ஜலதோஷம், மேஜை மேல் ஒரு பெட்டி கைக்குட்டைக் காகிதம். அங்கே நான் முக்கால் மணி நேரம் சிங்கம் மாதிரி முழங்கினேன் என்று உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். நீ பார்த்தது வேறாக இருக்கலாம், ஆனால் அதிகாரி அம்மா இரண்டு தடவை "உட்காருங்க ஐயா" என்று சொன்னார் என்றால் நான் நின்றுதானே இருந்திருக்க வேண்டும்? நீ டை கட்டின தம்பியைப் பார்த்துக் கேட்டதுதான் கேள்வி.

"இந்த மெஷினை எத்தனை முகத்துல சோதிச்சீங்க?"

"ஆயிரக்கணக்குல, மேடம்."

"ஆயிரம் பேரா, ஆயிரம் படமா?"

தம்பி டையைத் தளர்த்தினார். "படம் மேடம். எங்க ஆபீஸ் ஆளுங்க நாப்பது பேரை வச்சு, ஒவ்வொருத்தரையும் பல கோணத்துல..."

"அந்த நாப்பது பேர்ல இந்த அம்மா நிறத்துல எத்தனை பேர்?"

"ஒருத்தர் இருக்கார் மேடம். டீ கொண்டு வர்றவர்." கொஞ்சம் நிறுத்தி, "அவரைச் சோதனைல சேர்க்கலை" என்றார்.

"அவரை நீங்களும் பார்க்கலை, மெஷினும் பார்க்கலை" என்று நீ சொன்னபோது எனக்கு எழுந்து விசிலடிக்கத் தோன்றியது. மூன்றாவது "உட்காருங்க ஐயா" வந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். பிறகு அந்த முகங்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டாய். தம்பிக்குத் தெரியவில்லை. வேறு கம்பெனிக்குக் கொடுத்தீர்களா என்றாய். ஒப்பந்தத்தில் கொடுக்கலாம் என்று இருக்கிறது என்றார். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்றாய். தம்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பி நிற்கட்டுமா என்று கேட்டவன் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

அதிகாரி அம்மா மெஷினையே மேஜையில் வைக்கச் சொன்னார். அக்கா போய் எதிரே நின்றாள், பவுடர் இல்லாமல். "முகம் தெரியவில்லை. மீண்டும் முயற்சி செய்யவும்" என்றது. அதிகாரி அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியுதே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அப்போது பார்த்து நீ மேனேஜரின் கேடயப் படத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாய், மெஷின் "வணக்கம்" என்றது, மேனேஜர் தன் படத்தையே முறைத்துப் பார்த்தார், அதிகாரி அம்மாவுக்குச் சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்து ஐந்து நிமிஷம் விசாரணையே நின்றுபோயிற்று.

கடைசியில் அக்காவைப் பேசச் சொன்னார்கள். நீ எழுதிக் கொடுத்ததை அவள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பவுடர் பூசிக்கிட்டது தப்புதாம்மா. ஆனா நான் என்ன செய்யறது? மூஞ்சியைக் காட்டினேன், இல்லைன்னுச்சு. மறைச்சேன், வாங்கன்னுச்சு." அவ்வளவுதான் சொன்னாள். பாப்பா, இந்தக் கடிதத்தில் நான் அங்கங்கே கொஞ்சம் கூட்டி எழுதியிருப்பேன், அது என் கை வாகு. ஆனால் அடுத்த வரி கூட்டாதது. நான் எழுந்து, "டின் என்னோடதும்மா. அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கட்டாயப்படுத்திப் பூசினேன்" என்றேன். அதிகாரி அம்மா உட்காரச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார்.

நாலு மாத அலைச்சலுக்குப் பிறகு வந்த தீர்ப்பு உனக்கே தெரியும். அக்காவுக்கு அதே இடம், அதே இஸ்திரிப் பெட்டி. மெஷின் மூட்டை கட்டிப் போயிற்று. எங்கள் படங்களை எங்கள் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும் என்று உத்தரவு. டை கட்டின தம்பி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தபோது என் முறை வந்ததும், "ஒரே ஒரு பிரதி மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க தம்பி, கூடத்துல மாட்டிக்கிறேன்" என்று கேட்டுவிட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் நானே அழிந்துபோயிருப்பேன். சரி, போகட்டும். ஆனால் நல்ல படம்.

ஆகவே பாப்பா, உன்னை வாழ்த்துகிறேன். நீ போகிற வாசல் எல்லாம் ஆள் பார்த்துத் திறக்கட்டும். உன் வாதத்தைக் கேட்கிறவர்களுக்கு ஜலதோஷம் இருந்தாலும் காது நன்றாக இருக்கட்டும். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல், முழங்காலைப் பற்றிச் சொல்லாதே. இஸ்திரி அக்கா உனக்கு ஒரு படுக்கை விரிப்பு இஸ்திரி போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறாள், அடுத்த முறை வரும்போது கொண்டு வருகிறேன், கத்தரியும் சேர்த்து. அந்தப் பக்கம் உன் வேலையைப் பற்றி யாராவது தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தால் என்னிடம் அனுப்பு. நான் பேசிக்கொள்கிறேன். பதினோரு பேராக இருந்தவன் பேசினால் கேட்பார்கள்.

என்றும் உன் பெருமையிலேயே வயிறு நிறைகிற,
தாய்மாமன்

பின்குறிப்பு: பசை தடவுகிற நேரத்தில் உன் அத்தை வந்து, "அதையும் எழுதினீங்களா?" என்கிறாள். எதை என்று கேட்டேன். அவள் நிற்கிற நிலையைப் பார்த்தால் எழுதாமல் ஒட்ட முடியாது போலிருக்கிறது. திங்கட்கிழமை டைம்கீப்பர் அண்ணனின் மேஜையும் தடிப் புத்தகமும் வாசலுக்குத் திரும்பி வந்தன. முதல் நாள். நான் தலைவன் என்ற முறையில் சீக்கிரமே வந்துவிட்டேன். மற்றவர்கள் வருகிற பஸ் வழியில் நின்றுவிட்டதாகச் செய்தி. அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார், புத்தகம் திறந்து கிடந்தது, பேனாவும் பக்கத்திலேயே இருந்தது. பாவம், முதல் நாளே தாமதம் என்று விழுந்துவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணத்தில் பத்துப் பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நன்றாகவே போட்டேன்.

அண்ணன் வந்து கண்ணாடியைத் தூக்கி மாட்டினார். "மாமா, பத்துக் கையெழுத்துலயும் கடைசில ஒரே வால். மெஷின் சொன்னது சரிதான் போல. பதினோரு பேரும் நீங்கதான்" என்றார். பத்து நிமிஷத்தில் பஸ் ஆட்கள் வந்துவிட்டார்கள். இஸ்திரி அக்கா புத்தகத்தைப் பார்த்தாள். "என் பேருக்கு நேரா யாருய்யா எழுதினது?" என்றாள். நான் வண்டியின் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். "நாலு மாசம் அலைஞ்சது எதுக்கு? வந்துட்டேன்னு நான் சொல்றதுக்கா, நீ சொல்றதுக்கா?" என்றாள். நான் போட்டதை ஒரே கோட்டில் அடித்தாள். கீழே இடக்கையால், ஒவ்வொரு எழுத்தாக, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, தன் கையெழுத்தைப் போட்டாள். வரிசை தெரு வரைக்கும் நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அண்ணன் அவள் முகத்தைப் பார்த்து, "வணக்கம்க்கா" என்றார்.

இதை மேனேஜர் காதுக்கு யாரோ கொண்டு போய்விட்டார்கள். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். ஆகவே பாப்பா, அவசரமில்லை, நாளைக்குள் போதும்: உன் தாய்மாமன் மொத்தத்தில் ஒரே ஒரு ஆள்தான் என்று உன் வக்கீல் காகிதத்தில் இரண்டு வரி எழுதி அனுப்பு. கையெழுத்துப் போட நேரமில்லை என்றால் கவலைப்படாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.